சுமை ஏறினால் உரசும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றைப் பல ஆண்டுகள் ஓட்டியவனுக்கு அதன் ஒலிகள் யாவும் பழகிப்போகும். கதவு கடகடப்பதும், கியர் மாற்றும்போது முனகுவதும், மழைக்காலத்தில் வைப்பர் கீச்சிடுவதும் அவனை உறுத்துவதில்லை. ஆனால் பழகாத ஒலி ஒன்று புதிதாக எழுந்தால், எந்தப் பேச்சுக்கு நடுவிலும் அவனது காது அதைக் கேட்டுவிடும். 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அப்படி ஓர் ஒலியை நான் கேட்டேன். அது எனக்குக் கற்பித்ததை இத்தனை ஆண்டுகள் கழித்தே எழுதத் துணிகிறேன். இதில் பிழை செய்தவன் நான் என்பதே தயக்கத்தின் காரணம்.

அப்போது நான் பணியாற்றிய பங்கில் வெள்ளை நிற அம்பாசடர் வண்டி ஒன்று இருந்தது. எனக்கு முன்பு இருந்த பங்குத்தந்தை ஒருவர் வாங்கி, பங்குக்கே விட்டுச் சென்றது. இங்கிலாந்து நாட்டு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவி, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 1950-களின் இறுதியில் உருவாகத் தொடங்கிய இவ்வண்டி, 2014-இல் உற்பத்தி நின்றுபோகும் வரை பெரிய உருமாற்றம் ஏதுமின்றி வந்துகொண்டிருந்தது. அமைச்சர்களையும் சுமந்தது, வாடகைக்கு ஓடிப் பிரசவ வேதனைப்பட்ட தாய்மார்களையும் சுமந்தது. எங்கள் பங்கிலோ ஐந்து கிளைக் கிராமங்களுக்கும் திருப்பலிப் பாத்திரங்களையும், பாடகர் குழுவின் ஆர்மோனியத்தையும், நோயாளிகளையும், சில வேளைகளில் கல்லறைக்குச் செல்லும் சிறு பெட்டிகளையும் சுமந்தது.

அன்று ஞாயிறு மாலை. கிளைக் கிராமம் ஒன்றுக்குச் சென்றுகொண்டிருந்தோம். முன் இருக்கையில் என்னருகே உபதேசியார். பின் இருக்கையில் மரியாயின் சேனைப் பெண்கள் நால்வர். குளத்துக்கரை வளைவில் வண்டியைத் திருப்பியபோது இடப்புற முன் சக்கரத்திலிருந்து 'கர்ர்' என்று ஓர் அரவம். தொடர்ந்து ரப்பர் கருகும் மணம்.

“சாமி, டயர் எங்கயோ உரசுது” என்றார் உபதேசியார்.

“ஒன்றும் இருக்காது” என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். திரும்பி வருகையிலும் அதே ஒலி. அவர் மீண்டும் சொல்லவில்லை.

மறுநாள் நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு அருகிலிருந்த பட்டறை ஒன்றுக்குச் சென்றேன். வழி முழுவதும் ஒலி எதுவும் எழவில்லை. பட்டறை இளைஞர் சக்கரத்தைப் பார்த்தார். டயரின் தோளில் தேய்ந்த தடமும், மட்கார்டின் உள்விளிம்பில் வண்ணம் உரிந்த தடமும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தன. “இடம் பத்தலை ஃபாதர், கொஞ்சம் இடம் பண்ணிட்டாப் போதும்” என்றவர், அந்த விளிம்பில் ஒரு விரற்கடை அகலத்துக்குத் தகரத்தை வெட்டி எடுத்து, எஞ்சியதைச் சுத்தியலால் மடக்கினார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. செலவும் குறைவு. மனநிறைவோடு திரும்பினேன்.

இனி நான் சொல்ல வேண்டியது வேறொன்று.

அந்தப் பங்கில் உபதேசியார் முப்பத்தொரு ஆண்டுகளாகப் பணியாற்றி வந்தார். ஐந்து பங்குத்தந்தையரைக் கண்டவர். கோயில் சாவி, பூசைக் கருத்துகளை எழுதும் நோட்டு, திருமுழுக்குப் பதிவேடு, இறந்தோர் வீட்டுச் செபம், கிளைக் கிராமங்களின் மறைக்கல்வி என யாவும் அவர் தோளில்தான். நான் அங்கே சென்ற புதிதில் ஒவ்வொரு நாள் மாலையும் அவரோடு அரை மணி நேரம் அமர்வது வழக்கம். ஆளுக்கு ஒரு தம்ளர் காப்பி. மறுநாள் பூசைக் கருத்துகள், யார் வீட்டில் நோய், எவர் வீட்டில் சண்டை என்று பேச்சு ஓடும். பிறகு கோயில் கூரை வேலை தொடங்கியது. மாலை நேரங்களில் கொத்தனாரும் கணக்கும் வந்து அமர்ந்தன. அந்த அரை மணி நேரம் எந்த நாளில் நின்றது என்பதுகூட எனக்கு நினைவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் அன்னையின் பிறப்புப் பெருவிழாவுக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. 29-ஆம் நாள் கொடியேற்றம். செப்டம்பர் 8 பெருவிழா. அந்த வேளையில் ஒரு குடும்பத்தார் மிகுந்த வருத்தத்தோடு என்னிடம் வந்தனர். தந்தையின் முதலாமாண்டு நினைவுத் திருப்பலிக்கு முன்னரே சொல்லி, காணிக்கையும் கொடுத்திருந்தனர். வெளியூரிலிருந்து பிள்ளைகளெல்லாம் வந்து அமர்ந்திருந்த அந்தக் காலையில், அவர் பெயர் வாசிக்கப்படவில்லை. நோட்டில் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எனக்கு எடுத்துத் தந்த சீட்டில் அது விடுபட்டிருந்தது.

அன்று மாலை பங்குப்பேரவைக் கூட்டம். ஏறத்தாழ இருபது பேர் அமர்ந்திருந்தனர். நான் உபதேசியாரைப் பார்த்துச் சொன்னேன்: “உமக்கு வயதாகிவிட்டது. செய்ய முடியவில்லை என்றால் சொல்லிவிட்டுப் போகலாமே.” அவர் பதில் பேசவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டம் முடியும் வரை அமர்ந்திருந்தார். மறுநாள் விடியற்காலையில் கோயில் சாவிக்கொத்து என் மேசைமேல் இருந்தது. அவர் வரவில்லை.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், புதிய உபதேசியார் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று பங்குப்பேரவைக்கு ஒரு கடிதம் எழுதி, மேசை இழுப்பறையில் வைத்தேன். 'இடம் பண்ணிட்டாப் போதும்' என்ற எண்ணந்தான். அப்போது அதை நான் உணரவில்லை.

அந்த வாரமே வண்டியில் மீண்டும் அதே அரவம் எழுந்தது, முன்னிலும் கடுமையாக. நண்பரான குருவானவர் ஒருவர் திருநெல்வேலியில் ஒரு முதிய மெக்கானிக்கைச் சொன்னார். இசுலாமியர், எல்லாரும் பாய் என்றே அழைத்தனர். வேப்பமரத்து நிழலில் ஒரு தகரக் கொட்டகை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சக்கரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“வெறும் வண்டியா வந்தா அது என்ன சொல்லும் ஃபாதர்? சுமை ஏத்தினாத்தானே பேசும்” என்றார்.

பட்டறைப் பையன்கள் நால்வரை உள்ளே ஏற்றினார். மட்கார்டின் உள்விளிம்பு முழுவதும் சுண்ணக்கட்டியைத் தடவினார். பள்ளமும் வளைவும் உள்ள தெரு ஒன்றில் ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னார். திரும்பி வந்ததும் டயரில் வெண்மை எங்கே ஒட்டியிருக்கிறது, விளிம்பில் எங்கே அழிந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தார். திருப்பத்தின் கடைசிவரை வளைக்கும்போது மட்டும் உரசினால் ஒரு காரணம். நேர்ச்சாலையில் பள்ளத்தில் இறங்கும்போது உரசினால் வேறொரு காரணம். இருபுறமும் உரசினால் ஒன்று, ஒருபுறம் மட்டும் என்றால் மற்றொன்று. இப்படி அவர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தது, நல்ல ஆன்ம குரு ஒருவர் பாவசங்கீர்த்தனம் கேட்பதை எனக்கு நினைவூட்டியது.

பிறகு பையன்களை இறக்கிவிட்டு, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்தார். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாடாவால் அளந்தார். விளிம்பு வெட்டுப்பட்டிருந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, அதற்குச் சற்று மேலே கையால் தடவிப் பழைய கோட்டைக் கண்டுபிடித்து அளந்தார். வலப்புறத்தைவிட இடப்புறம் ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்திருந்தது.

அம்பாசடர் வண்டியின் முன்புறத்தில் சுருள்வில் கிடையாது. அதற்குப் பதிலாக, வண்டியின் அடியில் நீளவாக்கில் இருபுறமும் இரண்டு எஃகுத் தண்டுகள் உண்டு. டார்ஷன் பார் என்பார்கள். முறுக்குத்தண்டு என்று நாம் சொல்லலாம். தண்டின் பின்முனை வண்டியின் உடலோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். முன்முனை சக்கரத்தைத் தாங்கும் கையோடு சேர்ந்திருக்கும். சக்கரம் மேலே எழும்போது தண்டு முறுகும்; மீண்டும் நேராகும் முயற்சியில் சக்கரத்தைக் கீழே தள்ளும். வண்டியின் முன்பாரம் முழுவதும் இந்த இரு தண்டுகளின் முறுக்கில்தான் நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவை தெரியா. ஆண்டுக்கணக்காகப் பாரம் தாங்கிய எஃகு ஒடியாமலே சிறிது தளர்ந்துவிடும். அப்போது வண்டி தாழும். தாழ்ந்த வண்டி வெறுமையாக ஓடும்போது வேறுபாடு தெரியாது. ஆட்கள் ஏறியதும் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இருந்த கொஞ்ச இடமும் இல்லாமற்போகும்.

அந்த வண்டியில் வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன. தாங்கும் கையின் ரப்பர் புஷ் நைந்திருந்தது. யாரோ ஒருகாலத்தில் அளவுக்கு மிஞ்சிய அகலத்தில் டயர் மாட்டியிருந்தனர். யாவற்றுக்கும் மேலாக, வெட்டி மடக்கிய தகர விளிம்பு துருப்பிடித்துக் கத்தியாகி, டயரின் தோளை உள்நூல் தெரியும் அளவுக்கு அறுத்திருந்தது. பாய் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு குளத்துக்கரையில் நான் ஓட்டிய வண்டி அது. என் கை நடுங்கிற்று.

“டயர் மேலயும் குத்தமில்ல, மட்கார்டு மேலயும் குத்தமில்ல ஃபாதர். நடுவுல தாங்குறது களைச்சுப் போச்சு. அதைப் பாக்காம தகரத்த வெட்டிப்புட்டாங்க” என்றார்.

வேலை இரண்டு நாள் நடந்தது. நான் மரப்பலகையில் அமர்ந்து திருப்புகழ்மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, செபித்ததைவிட அதிகமாக அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முறுக்கிலிருக்கும் தண்டை அவசரப்பட்டுக் கழற்றினால் ஆளை அடித்துவிடும். ஆகவே முதலில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, பாரத்தையெல்லாம் இறக்கினார். தண்டின் முனையில் வரிசையாகப் பற்கள் இருக்கின்றன. பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, தண்டைக் கழற்றி, ஒரு பல் மட்டும் தள்ளி மாட்டினார். “இன்னும் ஒரு பல் ஏத்தினா இன்னும் நல்லா நிக்குமே” என்றேன். “தூக்கி வெச்சாலும் தப்புதான் ஃபாதர். வண்டி கல்லு மாதிரி ஆயிரும், சக்கரம் நேரா நிக்காது” என்றார். இடப்புறம்தானே தாழ்ந்தது என்று நான் நினைத்திருக்க, அவர் வலப்புறத்தையும் கழற்றிப் பார்த்தார். ஒருபக்கத்தை மட்டும் திருத்தினால் வண்டி சாய்ந்து நிற்குமாம். இடத்தண்டை வலத்துக்கும் வலத்தண்டை இடத்துக்கும் மாற்றிவிடாதபடி தனித்தனியே குறியிட்டார். ஒவ்வொன்றும் தன் பக்கத்து முறுக்குக்கென்றே பழக்கப்படுத்தப்பட்டது. புஷ்களை மாற்றி, உரிய அகலத்தில் டயர் மாட்டி, வெட்டுண்ட விளிம்பை அரத்தால் மழித்து, செங்காவிப் பூச்சு பூசினார். உயரம் மாறியதால் சக்கரங்களின் நேர்கோட்டையும் புதிதாகச் சரிசெய்தார். “நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திரும்ப வாங்க. தண்டு பாரத்துல அமரணும். மறுபடி அளக்கணும்” என்று சொல்லியனுப்பினார்.

அந்தப் பலகையில் அமர்ந்திருந்தபோதுதான் குருமடத்து வகுப்பறை ஒன்று நினைவுக்கு வந்தது. திருத்தூதர் பணிகள் 15-ஆம் அதிகாரம். எருசலேம் சங்கம் முடிந்து, திருச்சபையின் பெரும் சிக்கல் ஒன்று தீர்ந்த சில நாள்களிலேயே பவுலும் பர்னபாவும் பிரிகிறார்கள். காரணம், மாற்கு என்னும் இளைஞர். பம்பிலியாவில் தங்களை விட்டுப் போனவரை மீண்டும் அழைத்துச் செல்லப் பவுல் இசையவில்லை. பர்னபா மாற்கைக் கூட்டிக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பலேறினார். பவுல் சீலாவோடு வேறு வழி சென்றார். அந்தக் கடும் பிணக்கைக் குறிக்க லூக்கா ஆளும் கிரேக்கச் சொல் 'பரொக்சுஸ்மோஸ்'. கூர்மை என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. எங்கள் பேராசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, புதிய ஏற்பாட்டில் இச்சொல் இன்னும் ஒரே ஓர் இடத்தில் வருகிறது என்றார். எபிரேயர் திருமுகம் 10:24. அங்கே, அன்பு செய்ய ஒருவரை ஒருவர் தூண்டியெழுப்புவதற்கு அதே சொல். இளமையில் இது ஒரு மொழி நுட்பமாக மட்டுமே எனக்குப் பட்டது. ஒரே நெருக்கம் தோலை உரிக்கவும் கூடும், நெஞ்சைத் தூண்டவும் கூடும் என்பதை ஐம்பதை நெருங்கிய வயதில் ஒரு பட்டறையில்தான் கற்றேன்.

அந்தப் பிணக்கு அங்கேயே முடியவில்லை. 2 திமொத்தேயு 4:11-இல், சிறையிலிருக்கும் பவுல் மாற்கைத் தம்மிடம் அழைத்து வரச் சொல்கிறார். தம் பணிக்கு அவர் பயன்படுவார் என்கிறார். இடையில் நிகழ்ந்தது என்ன என்று மறைநூல் கூறவில்லை. ஆனால் பவுல் ஒருகாலத்தில் வெட்டியெறிய விரும்பியவரை, ஊக்கத்தின் மகன் எனப் பெயர் பெற்ற பர்னபா தாங்கியிருந்தார் என்பது தெரிகிறது.

என் பங்கில் நடுவில் நின்று தாங்கியது எது? அந்த மாலைநேரத்து அரை மணி. அதைத் தளரவிட்டவன் நான். தனியே இருக்கையில் நான் சாந்தமானவன் என்றுதான் என்னை எண்ணியிருந்தேன். கூரை வேலையும் கடனும் பெருவிழாவும் ஏறிய பிறகு, என்னருகே இருந்தவரையே அறுத்துவிட்டேன்.

அன்று மாலையே உபதேசியார் வீட்டுக்குச் சென்றேன். அவர் மனைவி வந்தார். “தோத்திரம் சாமி, உள்ள வாங்க” என்றார். குரலில் வரவேற்பும் இருந்தது, தயக்கமும் இருந்தது. உபதேசியார் திண்ணையில் அமர்ந்திருந்தார். நான் நேர் எதிரே நின்றும் அவர் என்னை அடையாளம் காண முகத்தைச் சற்றுச் சாய்க்க வேண்டியிருந்தது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

“அவுகளுக்கு ஆறு மாசமாக் கண்ணு மங்கல் சாமி” என்றார் அந்த அம்மா. “பூசை நோட்ட ராத்திரி நாந்தான் வாசிச்சுச் சொல்லுவேன். அன்னைக்கு மக வீட்டுக்குப் போயிருந்தேன்.”

“ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன். கேட்ட பின்னர்தான் அக்கேள்வியின் அறியாமை விளங்கியது.

“சொல்லணும்னுதான் இருந்தேன் சாமி” என்றார் உபதேசியார். “சாயங்காலம் கூப்புடுறத நீங்க நிறுத்திட்டீக.”

அவர் குற்றஞ்சாட்டவில்லை, நடந்ததைச் சொன்னார். அதைத் தாங்குவது எனக்குக் கடினமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் தலை குனிந்திருந்தார். புறப்படும்போது அந்த அம்மா வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னார்: “பேசுனது எல்லாருக்கும் முன்னால சாமி.”

ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறேன். ஊர் அறியச் செய்த காயத்துக்கு ஊர் அறியவே பரிகாரம் வேண்டும் என்ற எளிய நீதியை அந்த அம்மா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று, அவரைக் குறித்து நான் பேசியது தவறு என்றும், பிழைக்கு மூலம் என் பாராமுகம் என்றும் சொன்னேன். “சாமிமார் இப்படி இறங்கிப் பேசினால் மரியாதை போய்விடும்” என்று பெரியவர் ஒருவர் பின்னர் வருந்தினார். அதுவும் அவருடைய அன்புதான். இழுப்பறைக் கடிதத்தை அன்றிரவு கிழித்தேன்.

அவர் உடனே திரும்பிவிடவில்லை. அவ்வாண்டுப் பெருவிழா அவரில்லாமலே தட்டுத்தடுமாறி நடந்தது. செப்டம்பர் இறுதியில் கண்புரை அறுவை நடந்தது. அக்டோபர் மாதம், செபமாலை மாதத்தின் இரண்டாம் வாரத்தில், விடியற்காலை மணி வழக்கமான முறையில் ஒலித்தது. கயிற்றை இழுக்கும் கை யாருடையது என்று கேட்காமலே தெரிந்தது. குற்ற உணர்வின் மிகுதியால், அடுத்த ஞாயிறு அவருக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு பாராட்டு விழா நடத்தலாமா என்று கேட்டேன். “அதெல்லாம் வேண்டாம் சாமி. சாயங்காலம் காப்பி போதும்” என்றார். ஒரு பல்லுக்குமேல் ஏற்றக்கூடாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

அதன் பின்னும் எங்களுக்குள் உரசல் வராமலில்லை. சொன்னதை நான் மறப்பேன். அவர் முகம் சுளிப்பார். ஆனால் மாலையில் பேசித் தீர்த்துக்கொள்ள ஓர் அரை மணி இருந்தது. பாய் சொன்னபடி நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் வண்டியை மீண்டும் கொண்டுபோனேன். தண்டு பாரத்தில் அமர்ந்து, கால் அங்குலம் இறங்கியிருந்தது. “இது இயல்புதான்” என்று சொல்லி, இருபுறத்து அளவுகளையும் பானெட்டின் உட்புறத்தில் வண்ணத்தால் எழுதிவைத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கச் சொன்னார்.

2021-இல் எனக்கு மாறுதல் வந்தது. பொறுப்பை ஒப்படைக்கும் நாளில், புதிய பங்குத்தந்தைக்குக் கணக்கேடுகளையும் சாவிகளையும் கொடுத்தபின் பானெட்டைத் திறந்து அந்த இரண்டு எண்களையும் காட்டினேன். “வண்டியைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஆள்களை ஏற்றிக்கொண்டு பாருங்கள். வெறும் வண்டி பேசாது” என்றேன். அவர் தலையசைத்தார். பிறகு, மாலை ஐந்தரை மணிக்கு உபதேசியார் வருவார், இரண்டு தம்ளர் காப்பி போடச் சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.